லாரி கேபினுக்கு எல்.இ.டி.: எந்தப் பல்பை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

வேலூர் பைபாஸ் ஓரத்தில் எந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் போய் நின்றாலும் எல்.இ.டி. பற்றி மூன்று பேச்சு காதில் விழும். ‘எல்.இ.டி. போட்டா பேட்டரி மிச்சம்.’ ‘வாட்ஸ் கூட இருந்தா வெளிச்சம் கூட.’ ‘பல்புதானே அண்ணே, பழசைக் கழட்டிட்டுப் புதுசைச் சொருக வேண்டியதுதான்.’

முதல் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாவது, எல்.இ.டி. விஷயத்தில் தப்பு. மூன்றாவதுதான் வம்பு. பழைய லாரியின் மீட்டர் போர்டு முழுக்க எல்.இ.டி. போட்டு அழகு பார்த்த சில நாளில் பேட்டரி இறங்கிப்போய், ஆம்பூரில் லோடு ஏற்றிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் செல்ப் எடுக்காமல் நிற்கும் வண்டிகள் உண்டு. பேட்டரி மேல் சந்தேகம் வரும், டைனமோவைக் கழற்றிப் பார்ப்பார்கள், ஒயரிங்கைப் பிரிப்பார்கள். கோளாறு மீட்டர் போர்டுக்குள் இருக்கும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கில் இருக்கும். அது ஏன் என்று புரிய வேண்டுமானால், குண்டு பல்பும் எல்.இ.டி.யும் கரண்டை எப்படி நடத்துகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கேபினுக்குள் இருக்கும் விளக்குகளைப் பற்றி மட்டும்தான் இங்கே பேசப்போகிறோம். ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டர், பல்பின் இழை எந்த இடத்தில் இருக்குமோ அந்த இடத்துக்கென்றே வளைக்கப்பட்டது. அதில் கண்டபடி எல்.இ.டி.யைச் சொருகினால் எதிரே வருகிறவரின் கண் கூசும், எஃப்.சி. காட்டும்போதும் கேள்வி வரும். அது தனிக் கட்டுரைக்கான சமாச்சாரம்.

குண்டு பல்பு செய்யும் வேலைகள்

குண்டு பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் உலோகத்தால் ஆன மெல்லிய இழை. அதில் கரண்ட் ஓடும்போது 2,000 டிகிரிக்கும் மேல் சூடேறி, அந்தச் சூட்டில் ஒளிர்கிறது. செலவாகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாக வருவதில்லை, மீதி எல்லாம் சூடுதான். கேபின் கூரை விளக்கின் பிளாஸ்டிக் மூடி பழுப்பேறிப் போவதற்குக் காரணம் அதுவே.

வெளிச்சத்தைத் தவிர இந்த இழைக்கு வேறு சில குணங்கள் உண்டு. கரண்ட் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எரியும். எட்டுத் திசையிலும் ஒளியை வீசும். முக்கியமான மூன்றாவது குணம், அது ஒரு மின்தடை. அதாவது, கரண்ட் தன் வழியே எவ்வளவு போகலாம் என்பதை அதுவே மட்டுப்படுத்தும். மின்தடையை ஓம் என்ற அளவில் சொல்வார்கள். ஓம் குறையக் குறைய கரண்ட் தாராளமாகப் போகும்.

24 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எரியும்போது அதில் சுமார் 0.2 ஆம்பியர் கரண்ட் ஓடும், மின்தடை 115 ஓம் அளவில் இருக்கும். அணைந்து ஆறிய நிலையில் அதே இழையின் மின்தடை கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். ஆக, அணைந்திருக்கும் குண்டு பல்பு கரண்டைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒரு சாதாரண ஒயர்.

அந்தக் காலத்து லாரிகளின் ஒயரிங்கை வரைந்தவர்கள் இந்தக் குணங்களைத் தெரிந்தே பயன்படுத்தினார்கள். சில இடங்களில் பல்பு வெளிச்சம் தருவதோடு கரண்ட்டை அளந்து அனுப்பும் வேலையையும் சேர்த்தே செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சார்ஜ் லைட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

எல்.இ.டி.க்குள் என்ன நடக்கிறது

எல்.இ.டி.யில் இழை கிடையாது. இரண்டு விதமாகப் பக்குவப்படுத்திய குறைகடத்திப் படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். செம்பு அளவுக்குக் கரண்டைக் கடத்தாத, ரப்பர் அளவுக்கு அடைக்கவும் செய்யாத பொருள்தான் குறைகடத்தி. ஒரு படலத்தில் எலக்ட்ரான்கள் உபரியாக இருக்கும், இன்னொன்றில் அவற்றுக்கான காலி இடங்கள் இருக்கும். எலக்ட்ரான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாண்டிக் காலி இடத்தில் விழும்போது, தன்னிடமுள்ள ஆற்றலில் ஒரு பகுதியை ஒளியாக விட்டுவிடுகிறது. விழும் உயரம் அந்தப் பொருளைப் பொறுத்தது. உயரம் குறைவானால் சிவப்பு, அதிகமானால் நீலம்.

வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு ஏரி கோடி போவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காவேரிப்பாக்கம் பெரிய ஏரியானாலும் சரி, ஊர்ச் சிற்றேரியானாலும் சரி, நீர்மட்டம் கோடிச் சுவரின் உயரத்தை எட்டும்வரை ஒரு சொட்டும் வெளியே போகாது. எட்டிய பிறகு ஒரு சாண் ஏறினால் போதும், தண்ணீர் பாய்ந்து ஓடும். ஓடிய தண்ணீர் திரும்பி ஏரிக்குள் வராது. எல்.இ.டி.யும் இப்படித்தான். வோல்டேஜ் என்பது நீர்மட்டம், கரண்ட் என்பது வழிந்தோடும் தண்ணீர். சிவப்பு எல்.இ.டி.க்குக் கோடிச் சுவர் சுமார் 2 வோல்ட், வெள்ளைக்கும் நீலத்துக்கும் சுமார் 3 வோல்ட். அதற்குக் கீழே விளக்கு எரியாது. கொஞ்சம் மேலே போனால் கரண்ட் தாறுமாறாக ஏறும், தடுக்காவிட்டால் எல்.இ.டி. கருகிவிடும். கரண்ட் ஒரே திசையில்தான் போகும். திருப்பிப் போட்டால் எரியாது.

குண்டு பல்பு தன்னைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும், எல்.இ.டி.க்கு அது தெரியாது. அதனால் கடையில் வாங்கும் ஒவ்வொரு எல்.இ.டி. பல்பின் அடியிலும் கரண்ட்டை மட்டுப்படுத்த ஏதாவது ஒன்றை வைத்திருப்பார்கள். மலிவானதில் ஒரு ரெசிஸ்டர், அதாவது குறிப்பிட்ட ஓம் அளவுள்ள சின்ன மின்தடைத் துண்டு. நல்லதில் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் கரண்ட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் எலக்ட்ரானிக் சுற்று.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். நல்ல நீலம் பிடிபட அதன் பிறகு முப்பது ஆண்டு ஆனது. அதற்காக ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு ஒன்றைத் தடவியதில்தான் வெள்ளை எல்.இ.டி. வந்தது. ஆக, 1980-களில் வந்த லாரிக்கு வெள்ளை எல்.இ.டி. போட நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது, அப்படி ஒரு பொருளே அப்போது இல்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: குண்டு பல்பு இருபக்கமும் கரண்ட் போகவிடும், தானே கட்டுப்படும், சுற்றிலும் ஒளி வீசும். எல்.இ.டி. ஒருபக்கம் மட்டும் போகவிடும், தானே கட்டுப்படாது, முன்பக்கம் மட்டும் ஒளி வீசும். இனி வரும் சிக்கல்கள் எல்லாம் இந்த வித்தியாசங்களில் முளைத்தவைதான்.

12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

டாடா ஏஸ், பிக்கப் போன்ற சிறு வண்டிகளில் ஒரு பேட்டரி, 12 வோல்ட். பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட். என்ஜின் ஓடும்போது டைனமோ இதைவிடச் சற்று மேலே கொடுக்கும்; சிறு வண்டியில் 14 வோல்ட் அளவு, பெரிய வண்டியில் 28 வோல்ட் அளவு.

12 வோல்ட் எல்.இ.டி.யை 24 வோல்ட் வண்டியில் போட்டால் ‘ரெண்டு பங்கு வெளிச்சமா எரியும், கொஞ்ச நாள்ல போயிடும்’ என்று சொல்வார்கள். இரண்டு பங்கு இல்லை, கணக்கு அதைவிட மோசம். மலிவு பல்பு ஒன்றில் மூன்று வெள்ளை எல்.இ.டி. வரிசையாக இருந்தால் கோடிச் சுவரின் உயரம் 9 வோல்ட். வண்டி 14 வோல்ட் கொடுக்கும்போது மிச்சம் 5 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழும். 250 ஓம் ரெசிஸ்டர் என்றால் 20 மில்லி ஆம்பியர் ஓடும், அதாவது 0.02 ஆம்பியர். எல்.இ.டி.க்கு அது வசதியான அளவு. இதையே 28 வோல்ட்டில் சொருகினால் சுவருக்கு மேலே நிற்பது 19 வோல்ட். கரண்ட் 76 மில்லி ஆம்பியர், கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ரெசிஸ்டர் கக்கும் சூடு 0.1 வாட்டிலிருந்து ஏறக்குறைய 1.4 வாட்டுக்கு, அதாவது பதினான்கு மடங்குக்கு எகிறும். பிளாஸ்டிக் ஹோல்டருக்குள் ஒரு குட்டி அடுப்பு வைத்த மாதிரிதான்.

அதனால் பெட்டியில் ‘24 வோல்ட்’ என்றோ ‘10–30 வோல்ட்’ என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது வகையில் பெரும்பாலும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சுற்று இருக்கும். லாரியில் வோல்டேஜ் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அதுதான் தாங்கும். ஒரே குறை, சில மலிவான சுற்றுகள் ரேடியோவில் கொர்ரென்று இரைச்சலைக் கிளப்பும்.

இன்னொரு பழக்கம் உண்டு. 12 வோல்ட் பல்பு கையில் இருக்கிறது, வண்டியோ 24 என்றால், இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு ஒயர் இழுத்து 12 எடுத்துக்கொள்வது. பாட்டுப் பெட்டிக்கும் இப்படித்தான் பல வண்டிகளில் இழுத்திருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு பேட்டரி மட்டும் கூடுதலாக இறங்கும். ஆனால் டைனமோ இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் ஏற்றும். இறங்கிய பேட்டரி முழுதாக ஏறாது, மற்றது தேவைக்கு மேல் ஏறிக் கொதிக்கும், இரண்டும் சீக்கிரம் போய்ச் சேரும். 12 வோல்ட் வேண்டும் என்றால் 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுவதுதான் ஒழுங்கான வழி.

வாட்ஸ் என்ற மயக்கம்

வாட் என்பது செலவாகும் மின்சாரத்தின் அளவு. வெளிச்சத்தின் அளவு லூமென். குண்டு பல்பில் இரண்டும் சேர்ந்தே ஏறும் என்பதால் வாட்டைச் சொன்னால் போதுமாக இருந்தது. பார்க் லைட்டிலும் மீட்டரிலும் வரும் 5 வாட் குண்டு பல்பு தருவது சுமார் 50 லூமென்தான். ஒரு வாட்டுக்குள் அந்த வெளிச்சத்தைத் தரும் எல்.இ.டி. தாராளமாகக் கிடைக்கிறது. பிறகு எதற்கு மீட்டர் போர்டுக்கு ‘5 வாட் எல்.இ.டி.’?

எல்.இ.டி. சூடாகாது என்று நினைப்பதும் தப்பு. முன்பக்கம் தொட்டால் சூடு தெரியாது, ஏனென்றால் சூடு பின்பக்கம், அடித்தண்டில் இறங்குகிறது. அது வெளியேற வழி இல்லாவிட்டால் எல்.இ.டி. மங்கும், பிறகு சாகும். மே மாதம் வேலூர் வெயிலில் வண்டியை மூடிப் போட்டால் கேபின் எப்படிக் கொதிக்கும் என்று தெரியும். அந்தக் கேபினுக்குள், மூடிய மீட்டர் பெட்டிக்குள், பெரிய வாட் எல்.இ.டி. நீடிக்காது. சின்னதே போதும், சின்னதே நிலைக்கும்.

‘கேன்பஸ் பல்பு’ என்று ஒன்றைக் கூடுதல் விலைக்குக் காட்டுவார்கள். புதிய வண்டிகளில் பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டதா என்று கம்ப்யூட்டர் சோதிக்கும். எல்.இ.டி. எடுக்கும் கரண்ட் குறைவு என்பதால் பல்பே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும். அதை ஏமாற்ற, வேண்டுமென்றே கரண்ட்டை வீணாக்கும் ரெசிஸ்டரை உள்ளே வைத்திருப்பார்கள். உங்கள் பழைய லாரியில் அந்தக் கம்ப்யூட்டரே இல்லை. இல்லாத ஒருவரை ஏமாற்றக் காசும் கொடுத்து சூடும் வாங்க வேண்டியதில்லை.

பேட்டரி மிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடும் வண்டியில் மீட்டர் பல்புகள் எல்லாம் சேர்ந்து எடுப்பது சில பத்து வாட்தான், டைனமோவுக்கு அது தூசு. டீசல் மிச்சம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். நிறுத்திய வண்டியில்தான் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் லோடு இறக்கக் காத்திருக்கும் ராத்திரி, 10 வாட் கூரை விளக்கு பத்து மணி நேரம் எரிந்தால் 4 ஆம்பியர்-மணி செலவு. எல்.இ.டி.யில் அரை ஆம்பியர்-மணிக்குச் சற்றே மேல். நல்ல பேட்டரிக்கு இரண்டும் பெரிதல்ல, வயதான பேட்டரிக்குக் காலையில் வித்தியாசம் தெரியலாம்.

என்னைக் கேட்டால் எல்.இ.டி. போட உண்மையான காரணம் குலுக்கல். சூடான இழை அதிர்வில் அறுந்துபோகும், எல்.இ.டி.யில் அறுந்துபோக இழை இல்லை. ஒரு சின்னப் பல்புக்காக மீட்டர் போர்டையே கழற்ற வேண்டிய வண்டிகளில் இந்த ஒரு காரணமே போதும்.

நிறமும் ராத்திரிக் கண்ணும்

மீட்டருக்குள் பல்பு பெரும்பாலும் பின்புறமோ ஓரத்திலோ இருக்கும். அது சுற்றிலும் வீசும் ஒளி, வெள்ளை பூசிய பெட்டிச் சுவர்களில் பட்டுத் தெறித்து முகப்பு முழுக்கப் பரவும். முன்பக்கம் மட்டும் வீசும் எல்.இ.டி.யைப் போட்டால் ஓர் இடம் கண்ணைக் குத்தும், எண்கள் பாதி இருட்டில் இருக்கும். பக்கவாட்டிலும் எல்.இ.டி. பதித்த பல்பு, அல்லது மேலே பால் நிற மூடி போட்ட பல்பு இதற்குச் சரிப்படும்.

சிவப்பு மூடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போடாதீர்கள். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் நீலமும் மஞ்சளும்தான் தூக்கல், சிவப்புக் குறைவு. சிவப்பு மூடி மீதியை எல்லாம் தடுத்துவிடுவதால், எச்சரிக்கை விளக்கு சோகை பிடித்த மாதிரி தெரியும். மூடி என்ன நிறமோ அதே நிறத்தில் எல்.இ.டி. வாங்குவதே வழி. பல்பின் மேல் பச்சை ரப்பர் தொப்பி மாட்டியிருக்கும் பழைய மீட்டர்களில் தொப்பியை எடுத்துவிட்டுப் பச்சை எல்.இ.டி.யே போடலாம்.

நீல வெளிச்சம் மேல் நம் ஊர் லாரிகளுக்கு இருக்கும் மோகம் தெரிந்ததுதான். சாமி படத்தைச் சுற்றி ஓடும் சீரியல் பல்பு இருந்துவிட்டுப் போகட்டும், வண்டி நிற்கும்போது எரியட்டும். ஆனால் இருட்டில் பார்ப்பதற்கென்று விழித்திரையில் தனிச் செல்கள் இருக்கின்றன. முழு இருட்டுக்கு அவை பழக அரை மணி நேரம்வரை ஆகும். நீல ஒளி பட்டால் அந்தப் பழக்கம் சட்டென்று கலையும், மங்கலான சிவப்பு ஒளி அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. பள்ளிகொண்டா தாண்டி, தெருவிளக்கு இல்லாத நீளத்தில், விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் டிராக்டர் டிரெய்லரைக் கண்டுபிடிக்க வேண்டியது அந்தச் செல்கள்தான். போதாக்குறைக்கு நீல வெளிச்சம் முன் கண்ணாடியிலும் பட்டுத் தெறிக்கும். ஓட்டும்போது கேபின் எவ்வளவு மங்கலோ அவ்வளவு நல்லது.

சுருக்கமாக: 10–30 வோல்ட் வகை, குறைந்த வாட், பக்கவாட்டிலும் ஒளி வீசுவது, மூடியின் நிறமே பல்பின் நிறம். விளக்கு வெறும் விளக்காக மட்டும் இருக்கும் இடங்களுக்கு இது போதும். கூரை விளக்கு, மீட்டர் முகப்பு விளக்கு, ஸ்விட்ச் விளக்கு எல்லாம் இந்த வகை.

சார்ஜ் லைட்: வெளிச்சத்துக்கு மேலும் ஒரு வேலை

முதலில் சொன்ன சிவப்பு விளக்கு இதுதான். சாவியைப் போட்டதும் எரியும், என்ஜின் ஓடியதும் அணையும், பேட்டரி படம் போட்டிருக்கும்.

நாம் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்க, அதன் நடுவில் சுழலும் ரோட்டர் ஒரு காந்தமாக இருக்க வேண்டும். அது நிரந்தரக் காந்தம் அல்ல. செம்புக் கம்பி சுற்றிய மின்காந்தம், அதாவது கரண்ட் கொடுத்தால்தான் காந்தம். ஓட ஆரம்பித்த பிறகு தன் காந்தத்துக்கான கரண்ட்டை டைனமோ தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் முதல் நொடியில்? அந்த முதல் கரண்ட் பேட்டரியிலிருந்து வர வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் அது வரும் பாதை சார்ஜ் லைட் வழியாகத்தான்.

சாவியைத் திருப்பினால் பேட்டரியிலிருந்து சார்ஜ் லைட் பல்பு, அங்கிருந்து ரெகுலேட்டர், அங்கிருந்து ரோட்டர், கடைசியில் எர்த். ரோட்டரின் மின்தடை குறைவு, பல்பின் மின்தடை அதிகம். அதனால் வோல்டேஜ் பெரும்பாலும் பல்பின் மேல் விழுந்து பல்பு எரிகிறது. பல்பு 24 வோல்ட், 3 வாட் என்றால் சுமார் 0.12 ஆம்பியர் ரோட்டருக்குள் போய் அதைக் காந்தமாக்கும். என்ஜின் ஓடியதும் டைனமோ மின்சாரம் உண்டாக்கும். அப்போது பல்பின் மறுமுனையிலும் பேட்டரி அளவுக்கே வோல்டேஜ் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மட்டம் என்றால் நடுவில் கரண்ட் ஓடாது. பல்பு அணைகிறது. ‘சார்ஜ் ஆகிறது’ என்று யாரும் தனியாகக் கட்டளை போட்டு அந்த விளக்கை அணைப்பதில்லை. எவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு பாருங்கள், ஒரே பல்பு டைனமோவைக் கிளப்பியும் விடுகிறது, கிளம்பிவிட்டது என்று சொல்லவும் செய்கிறது.

இப்போது அந்த இடத்தில் எல்.இ.டி. போட்டால் என்ன ஆகும்? வழியில் போவது 10, 20 மில்லி ஆம்பியர். 0.12 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் ஆறில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே. ரோட்டரில் காந்தம் சரியாக ஏறாது. சில வண்டிகளில் ரோட்டர் இரும்பில் தங்கியிருக்கும் பழைய காந்தம் கைகொடுக்கும். ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால் டைனமோ கிளம்பிவிடும். சிலவற்றில் கிளம்பவே கிளம்பாது. வண்டி பேட்டரியிலேயே ஓடும். எல்.இ.டி. எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் புது வெளிச்சத்தில் மயங்கியிருக்கும் கண்ணுக்கு அது உறைக்காது. எல்.இ.டி. தலைகீழாகச் சொருகப்பட்டிருந்தால் இன்னும் கேடு: கரண்டும் போகாது, எச்சரிக்கையும் எரியாது.

பல்புக்கு இணையாக ஒரு ரெசிஸ்டரை ஏற்கெனவே வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு, முதல் கரண்ட்டை வேறு வழியில் எடுக்கும் புதிய ரெகுலேட்டர்களும் உண்டு. அவற்றில் எல்.இ.டி. போட்டாலும் டைனமோ வேலை செய்யும். உங்கள் வண்டி எந்த வகை என்று திட்டவட்டமாகத் தெரியாவிட்டால் சார்ஜ் லைட்டை மட்டும் குண்டு பல்பாகவே விட்டுவிடுங்கள். அங்கே எல்.இ.டி. போட்டால்தான் தூக்கம் வரும் என்பவர்கள், 24 வோல்ட் வண்டியில் 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எல்.இ.டி.க்கு இணையாகப் போடச் சொல்லலாம். பல்பு அனுப்பிய கரண்டை அது அனுப்பும். அதற்கு அந்தப் பல்பே இருந்துவிட்டுப் போகலாமே என்பதுதான் என் கட்சி.

தகராறு செய்யும் மற்றவை

இண்டிகேட்டருக்கு மீட்டரில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு விளக்கு இருந்தால் பிரச்சினை இல்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரே விளக்கு இருந்தால் கவனியுங்கள். சில வண்டிகளில் அந்த ஒற்றைப் பல்பு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவில் கட்டியிருக்கும். இடது போட்டால் கரண்ட் அந்தப் பல்பு வழியாகப் போய், வலப்பக்கத்தில் அணைந்திருக்கும் குண்டு பல்புகள் வழியே எர்த்தைத் தொடும். அணைந்த பல்பு ஒயர் மாதிரி என்று பார்த்தோமே, அதுதான் இங்கே கைகொடுக்கிறது. வலது போட்டால் எதிர்த்திசையில் ஓடும். எல்.இ.டி. ஒரு திசைக்கு மட்டும் எரிந்து மறு திசைக்குப் பேசாமல் இருக்கும். வெளியே உள்ள இண்டிகேட்டர் பல்புகளையும் எல்.இ.டி. ஆக்கினால் ஃபிளாஷரும் குழம்பும், ஏனென்றால் பழைய ஃபிளாஷர் தன் வழியே போகும் கரண்டின் சூட்டை வைத்துத்தான் விட்டு விட்டு எரியச் செய்கிறது.

மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு சும்மா ஆகிவிடும் என்பது பலருக்கு ஆச்சரியம். அந்தத் திருகு பல்புகளுக்கு முன்னால் இருக்கும் ஒரு மின்தடை. குண்டு பல்புகள் எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் எடுத்தபோது, 20 ஓம் திருகில் 7, 8 வோல்ட் விழுந்து வெளிச்சம் நன்றாக இறங்கியது. எல்.இ.டி.கள் மொத்தமே 0.1 ஆம்பியர் எடுத்தால் அதே திருகில் விழுவது 2 வோல்ட். ‘10–30 வோல்ட்’ பல்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முதலிலேயே மங்கலான எல்.இ.டி.யை வாங்குவதுதான் எளிய தீர்வு.

ஸ்விட்சை அணைத்த பிறகும் கூரை விளக்கு பேய் மாதிரி லேசாக மினுக்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய ஸ்விட்சில், ஈரத்தில், கசிகிற துளிக் கரண்ட் குண்டு பல்பைச் சூடாக்கப் போதாது, எல்.இ.டி.க்குப் போதும். ஆனால் ஆயில் லைட்டிலோ ஏர் பிரஷர் எச்சரிக்கையிலோ அந்த மினுக்கல் வந்தால் விடக் கூடாது. மினுக்கலுக்குப் பழகிய கண் நிஜ எச்சரிக்கையையும் கண்டுகொள்ளாமல் போகும். அங்கேயும் பழைய பல்பே மேல்.

கையை வைக்கும் முன்னும் பின்னும்

மீட்டர் மங்கலாக இருக்கிறது என்றால் பல்பு மேல் பழி போடுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். குண்டு பல்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறையும்போது அதைவிட வேகமாகச் சரியும்; 24 வோல்ட் பல்புக்குத் துருப்பிடித்த எர்த் வழியே 20 வோல்ட்தான் சேர்கிறது என்றால் வெளிச்சம் ஏறக்குறைய பாதிதான். ஹோல்டரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி முறுக்கி, மீட்டர் கண்ணாடியின் உட்புறத் தூசியைத் துடைத்தாலே பல வண்டிகளில் வேலை முடிந்துவிடும். அந்தத் துருவோடு எல்.இ.டி.யைச் சொருகினால் அது துடித்துத் துடித்துத்தான் எரியும்.

பல்பு வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். மீட்டரில் பெரும்பாலும் கண்ணாடி அடியையே ஹோல்டரில் சொருகும் வகை, அல்லது சிறிய பித்தளை அடியைத் திருகி மாட்டும் வகை. கூரை விளக்கில் ஃபியூஸ் மாதிரி இரண்டு முனையிலும் கூம்பு உள்ள வகை. அதை நீளத்தை வைத்து மில்லிமீட்டரில் சொல்வார்கள், 36-க்கும் 41-க்கும் கடையில் குழப்பம் வரும்.

மீட்டர் போர்டை இழுப்பதற்கு முன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள். பழைய வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிளும், ஏர் கேஜுக்குப் பின்னால் ஏர் குழாயும் இருக்கலாம். அவற்றை விடுவிக்காமல் பலமாக இழுத்தால் பல்பு வேலை பிரேக் வேலையாக முடியும். கண்ணாடி அடி எல்.இ.டி. எரியாவிட்டால் கழற்றித் திருப்பிச் சொருகிப் பாருங்கள், பெரும்பாலும் திசைதான் காரணம்.

எல்லாம் மாட்டிய பிறகு சாவியை மட்டும் போட்டு, என்ஜினைக் கிளப்பாமல், சார்ஜ், ஆயில், (டேங்கில் காற்று இறங்கியிருந்தால்) ஏர் என்று எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எரியாதது எதுவும் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பிறகு என்ஜினைக் கிளப்பி, மல்டிமீட்டரை இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து வைத்து அளந்து பாருங்கள். 27-க்கும் 28.5-க்கும் இடையில் காட்டினால் டைனமோ ஏற்றுகிறது. 12 வோல்ட் வண்டியில் 13.5-க்கும் 14.4-க்கும் இடையில். ஆக்சிலேட்டரை மிதித்தும் 25-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் லைட்டில் பழைய குண்டு பல்பைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால்தான் டைனமோவைக் கழற்றச் சொல்ல வேண்டும்.